இருபது வீட்டுக்கு ஒரு கீரைத் தோட்டம்: நகரத்தில் பொதுத் தோட்டம் போட முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அந்தப் பையில் ஒரு கட்டுக் கீரை வராது. காய்கறிக்கான காசு அன்றன்றைக்கு வரும் கூலியிலிருந்துதான் போக வேண்டும். மாதக் கடைசியிலும் அடைமழையிலும் விலை ஏறும் நேரத்திலும் ஒரு வீடு முதலில் நிறுத்துவது காயைத்தான். சோறும் ரசமும் ஓடிவிடும், பொரியல் இருக்காது.

2019–21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காடு. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. தட்டில் கீரையும் காயும் குறைந்துபோனது அவற்றில் ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பழமும் காயும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஒன்றரை கிலோவுக்கு மேல். தினக்கூலி வீட்டில் இது நடக்கிற காரியமா என்று யோசித்துப் பாருங்கள்.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடியபோது சென்னை முழுக்கக் காய்கறிக்குத் தட்டுப்பாடு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. இலங்கையில் 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது, வீட்டுத் தோட்டம் போடுவதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பே கொடுத்தார்கள். நெருக்கடி வந்த பிறகு விதைத்தால் அந்த வாரத்துப் பசிக்கு அது உதவாது. முளைக்கீரைக்கே மூன்று வாரம் வேண்டும்.

இந்த வழிகாட்டி, நகரத்தில் ஒரு தெருவோ வாரியக் குடியிருப்போ சேர்ந்து, இருபது வீட்டுக்கு வாரம் தவறாமல் கீரையும் கொஞ்சம் காயும் கிடைக்கும்படி ஒரு பொதுத் தோட்டம் போடுவது பற்றியது. சென்னையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் பட்டத்தையும் (விதைக்கும் பருவம்) தண்ணீரையும் மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு இவற்றையெல்லாம் இந்தத் தோட்டம் தராது, அந்த ஆசையோடு இறங்காதீர்கள். கீரையைத் தரும். அதை நன்றாகத் தரும்.

முதல் படி: யார் சாப்பிடப் போகிறார்கள்?

பெரும்பாலும் எல்லோரும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். மொட்டை மாடி சும்மா கிடக்கிறது, அங்கே ஏதாவது போடலாம் என்று. அப்படித் தொடங்கும் தோட்டத்தில் செடி நன்றாகவே வளரும். விளைந்த கத்தரிக்காய், ஏற்கெனவே கத்தரிக்காய் வாங்க முடிகிற வீட்டுக்கே போய்ச் சேரும். பொதுத் தோட்டங்கள் வளர்ப்பில் தோற்பது குறைவு, பங்கீட்டில் தோற்பதுதான் அதிகம். அதனால் மண்வெட்டி வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்.

உங்கள் பகுதி அங்கன்வாடிப் பணியாளரிடம் போய் உட்காருங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் குழந்தை எடை குறைவு, எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வீடுகளை நோட்டில் பட்டியலாக எழுதிக்கொண்டு, அப்புறம் நேரில் போய்க் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் காய் சமைக்கிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் விடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள், திரும்ப இருட்டிவிடுகிறது. காலை எட்டு மணிக்குக் கீரை கொடுத்தால் அவர்களுக்குக் கிடைக்காது. ராத்திரி ஏழு மணிக்குக் கிடைத்தாலும் இன்னொரு சங்கடம் இருக்கிறது. “கீரை நல்லதுதான், யார் உக்காந்து ஆயுறது?” என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. முருங்கைக்கீரையை உருவி ஆய்ந்து எடுக்க ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் ஆகும். இதற்கு ஒரு வழி பின்னால் சொல்கிறேன்.

சரி, இப்போது கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டர் பாத்தியில் மாதம் சுமார் ஒரு கிலோ கீரை எடுக்கலாம். இதைவிட அதிகமும் வரும், ஆனால் ஒரு பாத்தி மழையில் போகும், ஒன்றைப் பூச்சி தின்னும். அதையும் சேர்த்து ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒரு வீட்டுக்கு வாரம் கால் கிலோ அளவில் இரண்டு கட்டு என்றால், இருபது வீட்டுக்கு வாரம் 10 கிலோ, மாதம் 43 கிலோ. அதற்குப் பத்துப் பாத்தி வேண்டும், ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 12 அடி நீளம். காய்க்கு இன்னும் இரண்டு பாத்தி சேர்த்துக்கொண்டால் பன்னிரண்டு. நடைபாதை, தண்ணீர்த் தொட்டி, உரக்குழி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 சதுர மீட்டர், அதாவது இரண்டரை சென்ட் போதும்.

இரண்டாம் படி: இடமும் எழுத்தில் அனுமதியும்

இரண்டரை சென்ட் இடம் நகரத்தில் இருக்கிறது. வாரியக் குடியிருப்பில் இரண்டு பிளாக்குக்கு நடுவே, மாநகராட்சிப் பள்ளியின் பின்பக்கம், அங்கன்வாடி வளாகம், மனைப்பிரிவு போட்டபோது பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய திறந்தவெளி, சமுதாயக் கூடத்தின் மாடி. பார்க்க வேண்டியது மூன்று: ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில், தண்ணீர் எடுக்க ஒரு குழாய், மழை பெய்தால் தேங்காத தரை. எட்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே வெயில் ஏமாற்றிவிடும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் போய் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாய்மொழி அனுமதியை நம்பி மண் கொட்டாதீர்கள். அதிகாரி மாறினால் அனுமதியும் போய்விடும். வாரிய இடமென்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கோட்ட அலுவலகம், மாநகராட்சி இடமென்றால் மண்டல அலுவலகம், பள்ளியென்றால் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும். கவுன்சிலரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வைத்துப் பதிவு செய்தால் இன்னும் பலம். குறைந்தது இரண்டு வருடத்துக்குக் கேளுங்கள். கடிதத்தில், இது யாருக்கும் சொந்தமாகாது, நிரந்தரக் கட்டுமானம் இருக்காது, கேட்டால் ஒரு பட்டம் முடிந்ததும் காலி செய்வோம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆக்கிரமிப்பு என்ற பயம்தான் பாதி அலுவலகங்களில் கையெழுத்தை நிறுத்துகிறது.

மூன்றாம் படி: தரை என்றால் மண், மாடி என்றால் எடை

நகரத்துக் காலி மனை மண்ணை அப்படியே நம்ப முடியாது. கட்டட இடிபாடு, பழைய பெயிண்ட், எரித்த குப்பையின் சாம்பல், மெக்கானிக் கடை எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். ஈயம் போன்ற உலோகங்கள் மண்ணில் இருந்தால் கீரையில்தான் சீக்கிரம் சேரும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். ஓர் அடி தோண்டிப் பாருங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் சாதாரணப் பரிசோதனை செய்தால் உப்பும் கார அமிலத் தன்மையும் சத்தும் தெரியும். உலோகத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த மண்ணைத் தொடாதீர்கள். வளர்பையோ, அடியில் கெட்டியான தார்ப்பாய் விரித்து அதன்மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணோ போதும். தார்ப்பாயில் தண்ணீர் வடியும் வழி விடுங்கள். நெடுஞ்சாலை ஓரமும் சாக்கடைக் கரையும் வேண்டவே வேண்டாம்.

மாடி என்றால் எடைதான் கேள்வி. இந்தியத் தரநிலைப்படி, ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரத்துக்கு வடிவமைக்கப்படுகிறது. நனைந்த மண் ஒரு கன மீட்டர் 1,600 கிலோ வரும். அரை அடி உயரத்துக்கு மாடி முழுக்க மண் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 240 கிலோ ஆகிவிட்டது. ஆகவே மாடியில் மண்பாத்தி கிடையாது. தென்னை நார்க்கழிவு அதிகம் சேர்த்த இலகுவான கலவையைப் பைகளில் போட்டு, சுவர் ஓரமாகவும் கீழே பீம் போகும் வரிசையிலும் இடைவெளி விட்டு வையுங்கள். பைக்கு அடியில் செங்கல்லோ கம்பிச் சட்டமோ கொடுத்தால் தளம் காய்ந்து இருக்கும். பழைய வாரியக் கட்டடம், மேல்கூரையில் காரை உதிர்கிறது, கம்பி தெரிகிறது என்றால் மாடித் தோட்டத்தை மறந்துவிடுங்கள். மற்ற கட்டடங்களுக்கும் ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே பை ஏற வேண்டும். இருபது வீட்டுக்குக் கீரை தர வந்து எட்டு வீட்டுக் கூரையை ஒழுக வைக்கக் கூடாது.

நான்காம் படி: தண்ணீர்

பன்னிரண்டு பாத்திக்குக் கோடையில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 லிட்டர் வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நிற்கும் பகுதியில் இது சின்ன விஷயமில்லை. குடிதண்ணீர்க் குழாயில் ஹோஸ் மாட்டினால் முதல் வாரமே சண்டை வரும், வருவதும் நியாயமே.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இருந்தால் உப்பை அளந்து பாருங்கள். கையடக்க டிடிஎஸ் மீட்டர் போதும். மீட்டர் காட்டும் எண் 1,000க்குள் இருந்தால் பயமில்லை. 2,000ஐ நெருங்கினால் கீரை நுனி கருகும், மண்ணும் கெடும். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரையும் இதே மாதிரி அளந்த பிறகே ஊற்ற வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, கொஞ்சமாக வந்தாலும் பிடித்து வையுங்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். குளித்த தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் விடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம். கழிவுநீர் எந்தப் பயிருக்கும் கூடாது.

மழைநீரைப் பிடிக்க ஒரு சின்டெக்ஸ் தொட்டி வையுங்கள். எல்லாத் தொட்டிக்கும் டிரம்முக்கும் இறுக்கமான மூடி, இல்லையென்றால் மேலே கொசுவலை. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து புழுவைப் பார்த்துவிட்டால் தோட்டத்தின் பெயர் கெட்டுவிடும். அதைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பழியைத் தோட்டத்தால் தாங்க முடியாது.

மூடாக்குப் போட்டால் தண்ணீர் நன்றாகவே மிச்சமாகும். காய்ந்த சருகோ வைக்கோலோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் போதும். பகலில் ஊற்றாதீர்கள். காலை ஏழுக்குள், இல்லையென்றால் வெயில் சாய்ந்த பிறகு.

ஐந்தாம் படி: பாத்தியும் உரமும்

பாத்தி நான்கடிக்கு மேல் அகலம் வேண்டாம், இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை நடுவரை எட்ட வேண்டும். நடைபாதை ஒன்றரை அடி. மண் நல்லதாக இருந்தால் நடைபாதை மண்ணையே வெட்டிப் பாத்தி மேல் போட்டு முக்கால் அடி உயர்த்துங்கள். செலவில்லாமல் மேட்டுப்பாத்தி ஆகிவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் மேட்டுப்பாத்தி இல்லாமல் ஐப்பசி மழையைத் தாண்டவே முடியாது. வெளியிலிருந்து மண் வாங்க வேண்டுமென்றால் எடுத்த எடுப்பில் பன்னிரண்டு பாத்தியும் போடாதீர்கள். நாலில் தொடங்குங்கள்.

பைக்கான கலவை: செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு. பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். கலந்தவுடன் விதைக்காமல் ஒரு வாரம், பத்து நாள் ஈரமாக ஆறப்போடுங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களும், வேர்நோயைத் தடுக்கும் டிரைகோடெர்மா விரிடி என்ற பூஞ்சையும் கிடைத்தால் அப்போது சேர்க்கலாம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பில் வளர்பை, நார்க்கட்டி, விதையோடு இவையும் வந்திருக்கின்றன. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இந்த ஆண்டு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பயிற்சிக்குக் கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது.

கீரைக்கு அரை அடி ஆழம் போதும். கத்தரி, தக்காளி, வெண்டைக்கு ஓர் அடி.

உரம் வாங்கிக் கட்டுப்படியாகாது. இருபது வீட்டுச் சமையல் கழிவைச் சேர்த்தால் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ வரை கிடைக்கும். இல்லாவிட்டால் அது குப்பை லாரி ஏறிப் போகப்போவதுதான். மூன்று செங்கல் தொட்டி, காற்றுப்போக இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஒன்று நிரம்பும், ஒன்று மக்கும், ஒன்றிலிருந்து எடுப்பீர்கள். ஒரு கூடை ஈரக் கழிவு போட்டால் அதன்மேல் ஒரு கூடை காய்ந்த சருகு. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். மீன், கறிக் கழிவு போட்டால் பெருச்சாளி வரும். இரண்டு மாதத்தில் கறுத்த, மண்வாசனை அடிக்கும் உரம் கையில் இருக்கும். ஆரம்பத்தில் கைக்கு வராத நாட்களில் மாநகராட்சி உரக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் இருக்கும், சலித்துத்தான் போட வேண்டும்.

ஆறாம் படி: என்ன, எப்போது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். வயலுக்கு அது சரி. சென்னையில் புதிதாகத் தொடங்கும் பொதுத் தோட்டத்துக்கு நான் தைப்பட்டத்தைத்தான் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், நிலத்தடியில் தண்ணீர் இருக்கும், வெயிலும் இதம். தையில் விதைத்தால் மாசிக்குள் முதல் கட்டு வீட்டுக்குப் போய்விடும், ஆட்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். ஆடியில் தொடங்கினால் பழகிக்கொண்டிருக்கும்போதே ஐப்பசி மழை வந்து பாதியை அடித்துக்கொண்டு போகும்.

முதல் மூன்று மாதம் கீரை மட்டும் போடுங்கள். தக்காளி ஆசை எல்லோருக்கும் வரும், பொறுக்கச் சொல்லுங்கள். தக்காளிக்கு மூன்று மாதம், நடுவில் நோய், வெள்ளை ஈ, முட்டுக்கொடுத்தல் என்று வேலை இழுக்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று, மூன்றரை வாரத்தில் வேரோடு பிடுங்கத் தயார். அரைக்கீரையை ஒரு மாதத்தில் அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழைக்கும், மாதக்கணக்கில் ஓடும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம், கடையில் வாங்கிய கட்டிலிருந்து முற்றின தண்டை நட்டால் பிடித்துக்கொள்ளும். கொடிப்பசலை வேலியில் ஏறும். புளிச்சக்கீரை, மணத்தக்காளி, பருப்புக்கீரை மூன்றும் அதிகம் கவனிப்புக் கேட்காதவை.

பத்துப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். ஒரே வாரத்தில் நாற்பது கிலோ வந்து குவியும், அடுத்த மூன்று வாரம் ஒன்றுமிருக்காது. வாரம் இரண்டு மூன்று பாத்தி என்று சுழற்றினால்தான் வாராவாரம் கட்டு வரும்.

கீரை விதைப்பது சுலபம் என்று நினைத்து அலட்சியமாக வீசுவார்கள், ஒரு மூலையில் அடர்ந்தும் ஒரு மூலை மொட்டையாகவும் முளைக்கும். விதை கடுகைவிடப் பொடி. ஒரு பங்கு விதையோடு பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்துகொள்ளுங்கள். பாத்தியை நனைத்து, கையை இடுப்பளவு உயரத்தில் வைத்து, நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை தூவுங்கள். மேலே விரலால் லேசாகக் கிளறிவிட்டால் போதும், ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. எறும்பு விதையை இழுத்துப் போகும், பாத்தி ஓரத்தில் கொஞ்சம் ரவை தூவிவைத்தால் அது ரவையோடு போய்விடும். முளைக்கும் வரை பூவாளியால்தான் தண்ணீர். ஹோஸைப் பீய்ச்சினால் விதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பத்தாம் நாள் அடர்த்தியைக் கலைத்துவிடுங்கள். பிடுங்கிய இளங்கீரையும் குழம்புக்கு ஆகும், தூக்கிப் போட வேண்டாம்.

இரண்டு காய்ப் பாத்தியில் ஆடியில் வெண்டையும் கத்தரியும் மிளகாயும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். வேலியிலும் பந்தலிலும் அவரை, புடலை, பீர்க்கு. சித்திரை, வைகாசியில் கீரைக்கு மேலே 50 விழுக்காடு நிழல்வலை கட்டாயம். அடைமழைக் காலத்தில் புதிதாக விதைக்காமல் பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, வல்லாரையை நம்பியிருங்கள்.

எல்லையோரம் முருங்கையும் அகத்தியும் பப்பாளியும் வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 முருங்கை விதைத்து ஆறு மாதத்தில் காய்க்கும். கை எட்டும் உயரத்தில் வெட்டிவிட்டால் கீரைக்கும் ஆகும். வேலிக்கு வெளியே நிற்கும் முருங்கையை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளட்டும் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இது தாராளம் மட்டுமல்ல, உள்ளே திருட்டும் குறையும்.

ஏழாம் படி: பூச்சி, பெருச்சாளி, ஆடு

தினமும் ஒரு ஆள் இலையைத் திருப்பிப் பார்த்தால் பாதிப் பூச்சிக்கு மருந்தே வேண்டாம். புழுவைக் கையால் எடுக்கலாம், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சி விரட்டலாம். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. வளர்ச்சிக்கு லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். ரசாயனப் பூச்சிமருந்தை இந்தத் தோட்டத்துக்குள் விடவே கூடாது. இன்றைக்கு ஒருவர் அடித்தது தெரியாமல் நாளைக்கு இன்னொருவர் அறுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்.

பெருச்சாளி வளையைக் கண்டால் அன்றைக்கே கல் வைத்து அடைத்துவிடுங்கள், விஷம் வைக்காதீர்கள். ஆடு, மாட்டுக்கு நான்கடி வேலி வேண்டும். வேலிக்கு ஆகும் செலவில் சிக்கனம் பார்த்தால் ஒரே மதியத்தில் எல்லாம் போகும்.

எட்டாம் படி: வேலை யார் செய்வது

எல்லோரும் முறை வைத்துச் செய்வோம் என்று கைதட்டி முடிவெடுப்பார்கள். மூன்றாவது வாரம் முறை வருபவர் ஊருக்குப் போயிருப்பார், மேயில் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் கீரை அவ்வளவுதான். ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள், சிறிய தொகையானாலும் மாதம் தவறாமல். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் வேலை. கிராமத்தில் விவசாயம் பார்த்துவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள் எந்தக் குடியிருப்பிலும் இருப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். “உங்களுக்குத்தாங்க தெரியும், நீங்க சொல்லுங்க, நாங்க செய்றோம்” என்று கூப்பிட்டால் வருவார்கள். களையெடுப்பு, பாத்தி போடுவது, உரம் சலிப்பது போன்ற கூட்டு வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரட்டும்.

பணத்தை ஒருவரின் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். பகுதியில் இயங்கும் மகளிர் சுயஉதவிக் குழுவோடு சேர்ந்துகொண்டால் வங்கிக் கணக்கு, கூட்டம், தீர்மானப் புத்தகம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்.

ஒன்பதாம் படி: பங்கீடு

எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் ஆள் சம்பளமும் விதையும் எங்கிருந்து வரும்? சந்தை விலைக்கு விற்றால் யாருக்காகப் போட்டோமோ அவர்கள் வர மாட்டார்கள். எனக்குச் சரியாகப்படுவது இது: பட்டியலில் உள்ள வீடுகளுக்கு வாரம் இரண்டு கட்டு உறுதி, கட்டுக்கு ஒரு சின்ன விலை, எல்லோருக்கும் ஒரே விலை. கொடுக்க முடியாதவர்கள் கணக்கு நோட்டில் பெயரை மட்டும் எழுதிவிட்டு வாங்கிப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கர்ப்பிணியோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ உள்ள வீட்டுக்குக் கூடுதலாக ஒரு கட்டு, அதை அங்கன்வாடி வழியாகவே அனுப்பிவிடுங்கள். மீதமுள்ளதைத் தெருவில் மற்றவர்களுக்குக் கடை விலைக்கு விற்று அந்தக் காசைச் சம்பளத்தில் சேருங்கள். சம்பளம் முழுவதும் அதில் தேறாது. குறைகிற தொகைக்கு யார் பொறுப்பு என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இலவசம் வாங்குபவர்களுக்குத் தனி வரிசை, போட்டோ, நன்றி சொல்லச் சொல்வது எதுவும் வேண்டாம். அப்படி ஒரு தடவை நடந்தால் அந்த வீட்டுப் பெண் மறுவாரம் வர மாட்டார்.

அறுவடை வாரம் இரண்டு நாள், பங்கீடு அன்று மாலை ஆறரை முதல் எட்டு வரை. அறுத்த கீரையின் வேர்ப்பக்கம் ஈரத் துணி சுற்றி நிழலில் வைத்தால் வாடாது. அப்புறம் அந்த ஆயும் வேலை. மதியத்தில் பிளாக் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் முறத்தில் கீரையைக் கொடுத்துப் பாருங்கள். பேச்சோடு பேச்சாக மூன்று நான்கு பேர் ஒரு மணி நேரத்தில் பத்துக் கட்டை ஆய்ந்துவிடுவார்கள். அவர்கள் பங்கு அதிலேயே வரட்டும். ஆய்ந்த கீரைதான் ராத்திரி ஏழு மணிக்கு வருகிறவரின் அடுப்பில் ஏறும். பசலை மாதிரி ஆய்வதற்கு லேசான கீரைகளை அவர்களுக்கு ஒதுக்குவதும் உதவும்.

கூடவே இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். கீரைக் கூட்டை இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

பத்தாம் படி: நோட்டு

ஒவ்வொரு அறுவடையிலும் மூன்றே விவரம்: தேதி, எடை, எந்த வீட்டுக்கு எத்தனை கட்டு. தராசு இல்லாமல் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். அனுமதி நீட்டிப்புக்குப் போகும்போது அதிகாரி முன் வைக்கவும் இந்த நோட்டுதான்.

மாதம் ஒரு தடவை நோட்டைத் திறந்து, பட்டியலில் உள்ள வீடுகளின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். தோட்டம் செழித்து, எடை ஏறி, அதே ஐந்தாறு வீடுகளின் பெயரே திரும்பத் திரும்ப இருந்தால் விடுபட்ட வீட்டுக்கு நேரில் போங்கள். நேரம் ஒத்துவரவில்லையா, அந்தக் கீரை வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லையா, வரிசையில் யாராவது ஏதாவது சொன்னார்களா, கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுப் பாத்தி போடுவதை அதுவரை நிறுத்திவையுங்கள்.